அடிபட்ட பறவைக்கு இரங்கும்போது செய்யும் தவறுகள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஜன்னல் கண்ணாடியில் மோதி விழுந்த பறவையைக் கையில் எடுத்ததும், பாவம் பார்த்துப் பலரும் முதலில் செய்வது அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றுவது. அதுவே அதன் உயிரை எடுத்துவிடும். பறவையின் மூச்சுக்குழாய் நாக்கின் அடிப்பகுதியிலேயே திறக்கிறது. அரை மயக்கத்தில் கிடப்பதால் விழுங்கவும் முடியாது. ஊற்றிய தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். பாலும் வேண்டாம், பறவைக்குச் செரிக்காது.

அதற்குத் தேவை இருட்டும் அமைதியும் கதகதப்பும்தான். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி போதும். பறவையை வைப்பதற்கு முன்பே ஓட்டை போட்டுவிடுங்கள். அடியில் பழைய வேட்டித் துணி விரியுங்கள்; டர்க்கி டவலின் நூலில் நகம் மாட்டிக்கொள்ளும். ஊட்டிக் குளிரில் வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் பறவை மறுபக்கம் நகர இடம் வேண்டும். மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் பெட்டியை வெளியே கொண்டுபோய்த் திறங்கள். தெளிந்திருந்தால் தானே பறந்துவிடும். மேலே தூக்கி எறிந்து சோதிப்பது கொடுமை. பறக்கவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

இறகு முளைத்து, குட்டை வாலுடன் தத்தித் திரியும் குஞ்சை வீட்டுக்குத் தூக்கிவருவது அடுத்த தவறு. அது பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்திலேயே இருக்கும். நாய், பூனை வராமல் பார்த்துக்கொண்டால் போதும். இறகே இல்லாத குஞ்சு விழுந்திருந்தால் கூட்டிலேயே வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல. புதருக்குள் தனியாகப் படுத்திருக்கும் கடமான் குட்டியையும் தொடாதீர்கள். தாய் அதை ஒளித்துவைத்துவிட்டு மேயப் போயிருக்கும்.

காயம்பட்ட காட்டுமாட்டைச் சுற்றி நின்று செல்போன் வெளிச்சம் அடிக்காதீர்கள். மிரண்டு எழுந்தால் அதற்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. வனத்துறைக்குச் சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். குரங்கு கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

காட்டு உயிரைப் பிழைக்கவைத்து வீட்டிலேயே வளர்ப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஒப்படைக்கும்போது கிடைத்த இடத்தையும் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். குணமானதும் அந்த இடத்திலேயே விட அது உதவும்.