சபைச் சம்பளத்தச் சரிபண்ணப் போய் நாம விடுற பிழைகள்

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று, எந்த மாநகர சபையா இருந்தாலும் சரி, ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா "சம்பள முரண்பாட்டத் தீர்க்கணும்" எண்டு கூட்டம் வைப்பாங்க, டீ வடை முடிய அது அப்பிடியே கிடப்பில போயிரும். நானும் நிர்வாகக் கிளையில கனகாலம் குந்தியிருந்தவன், அதால சொல்றன்.

முதல் பிழை, அடிப்படைச் சம்பளம் சபைட கையில இருக்கு எண்டு நினைக்கிறது. அது கொழும்பில இருந்து வாற பொது நிர்வாகச் சுற்றறிக்கை. 2025 ஏப்ரல்ல ஆகக் குறைஞ்ச அடிப்படை 24,250ல இருந்து 40,000 ஆக மாறினதும் அப்பிடித்தான், அதுவும் ஒரே அடியா இல்ல, 2025 ஏப்ரல், 2026 ஜனவரி, 2027 ஜனவரி எண்டு மூணு கட்டம். இத விளங்கப்படுத்தாம "நாப்பதாயிரம் வருது" எண்டு மட்டும் சொன்னா மறுகா மாசக் கடைசியில கவுண்டர்ல சண்டைதான்.

அப்ப சபையால என்ன ஏலும்? ஆர எந்தச் சம்பளப் படியில போடுறது, ஆருக்கு என்ன கடமை குடுக்கிறது, ஓவர்டைம் ஆருக்குப் போகுது, இது மூணும் நம்மட கையிலதான். அநியாயம் கூடுதலா நடக்கிறதும் இங்கதான்.

படி விசயத்த எடுங்க. 2016 சம்பள அளவுத்திட்டத்தில தொழிலாளி பி.எல். 1 (பி.எல். எண்டது ஆரம்ப மட்டச் சம்பளத்துக்கான குறியீடு), தொடக்கம் 24,250, வருசத்துக்கு 250 ஏறும். சாரதி பி.எல். 3, தொடக்கம் 25,790, ஏற்றம் 270. பத்து வருசம் குப்பை ட்ரக்டருக்குப் பின்னால ஓடின ஒருத்தர் 26,750க்கு வந்திருப்பார், லைசன்ஸ் எடுத்து அதே ட்ரக்டருக்குச் சாரதியா வாறார் எண்டு வைங்க, எழுதுனர் அவசரத்தில புது ஆள் மாதிரி 25,790ல போட்டா மனிசன் பதவி உயர்ந்து மாசம் 960 ரூபாவ இழக்கிறார். இருந்த சம்பளத்துக்குக் குறையாத படி எண்டு பாத்தா 26,870, அதாவது நாலு ஏற்றம் தாண்டி. அரச ஊழியர் விதிப் புத்தகமான தாபனக் கோவைட 7ம் அத்தியாயத்தப் பிரிச்சுப் பாக்காம படியில கை வைக்காதீங்க. இப்ப ஆகக் குறைஞ்ச வருடாந்த ஏற்றமே 450 ஆகிட்டு, ஒரு படி பிழைச்சா முந்தி 250, இப்ப 450, பென்சன் வரைக்கும் அந்தப் பிழை கூடவே போகும்.

அடுத்தது ஆளப் பாத்து வேலைய அளக்கிறது. "அவர் நல்ல பொடியன், கணினி தெரியும்" எண்டு தொழிலாளி நியமனத்தில வந்தவர வரிக் கிளையில இருத்தி ரசீது அடிக்க வைப்பம், பக்கத்துக் கதிரையில முகாமைத்துவ உதவியாளர் அதே வேலையக் கூடின சம்பளத்தில செய்வார். இதுல பாதிப்பு ரெண்டு பக்கமும், இவருக்குச் சம்பளம் குறைவு, வெளிய விடியக்காலம் புளியந்தீவுத் தெருவக் கூட்டுற ஆக்களுக்கு ஆள் குறைஞ்சு வேலை கூட. முதல்ல கடமைப் பட்டியல எழுதுங்க, ஆர்ட பேரும் இல்லாம, அந்தக் கதிரைக்கு என்ன படிப்பு வேணும், என்ன பொறுப்பு, வெயில் நாத்தம் எவ்வளவு எண்டு. பேரப் பிறகு எழுதலாம். (நாங்க ஒருக்கா பேர முதல்ல எழுதிட்டு வேலையத் தேடினம், வெக்கக்கேடு.)

ஓவர்டைமும் அப்பிடித்தான். சம்பளத்தாளில அடிப்படைய மட்டும் ஒப்பிட்டுப் போட்டு "எல்லாம் சமன்" எண்டுருவாங்க, ஆனா ஒரே தரத்தில இருக்கிற ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு மாசாமாசம் ஞாயிறு வேலை, மத்தவருக்கு வருசத்தில ஒருக்காக்கூட இல்ல. ஒரு வருசக் கொடுப்பனவுப் பதிவ எடுத்து பேர் பேரா கூட்டிப் பாருங்க, நிலவரம் தானா வெளிக்கும்.

நிரந்தர நியமனம் இல்லாம தற்காலிகமா எடுக்கிற அமய ஊழியர விட்டுட்டுக் கணக்குப் பாக்கிறதும் பெரிய பிழை. அவங்கட காசு சபை நிதியில இருந்து போறதால நிரந்தரப் பட்டியல்ல பேரே இருக்காது. 2014ல 25/2014 சுற்றறிக்கை 180 நாள் செஞ்ச ஆக்கள நிரந்தரமாக்கச் சொன்ன நேரம் வரவு இடாப்பு ஒழுங்கா இல்லாம எத்தின பேர் அலைஞ்சாங்க. அதால முதல்ல இடாப்பத் திருத்துங்க.

கடைசியா, வேலை முடிஞ்சதும் ஃபைல பூட்டி வைக்காதீங்க. தரம், படி, ஏற்றத் திகதி மூண்டையும் அவரவருக்கு எழுத்தில குடுத்து, மேன்முறையீட்டுக்கு ஒரு மாசம் விடுங்க. ஆர் என்ன எடுக்கிறார் எண்டது சபைக்கு முன்னால இருக்கிற டீக்கடைக்கு ஏற்கனவே தெரியும்.