கிரிட்டாவில் மங்கா பக்கத்துக்கு வண்ணம் தீட்டுவது எப்படி?

மங்காவுக்கு (ஜப்பானிய காமிக்ஸ்) வண்ணம் தீட்டப் புதிதாக இறங்குபவர்கள் முதலில் தேடுவது நல்ல பிரஷ்களைத்தான். பக்கத்தைக் கெடுப்பதோ பெரும்பாலும் ஸ்கிரீன்டோன் புள்ளிகள். சாம்பல் நிறமாகத் தெரியும் இடமெல்லாம் அச்சில் பொடிப்பொடியான கறுப்புப் புள்ளிகள்தாம். அவற்றின் மேல் வண்ணம் போட்டால் அழுக்குப் படிந்ததுபோல் இருக்கும்.

மென்பொருளுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். கிரிட்டா இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கிளிப் ஸ்டூடியோ பெயிண்ட்டும் அருமையானது, ஆனால் காசு. அடிவண்ணம் (நிழலில்லாத முதல் நிறப்பூச்சு) வரை மவுஸே போதும்; நிழல் போடும்போது பேனா டேப்லெட் இருந்தால் வேலை சுலபம்.

பயிற்சிக்குப் பக்கம் வேண்டுமா? ஜப்பானிய மங்கா ஓவியர் சாட்டோ ஷூஹோ தன் ‘புராக்கு ஜாக்கு நி யோரோஷிகு’ மங்காவை யாரும் கட்டணமின்றி மறுபயன்பாடு செய்யலாம் என்று 2012-இல் அறிவித்தார். மற்ற மங்காக்களுக்கு வண்ணம் தீட்டினால் உங்கள் கணினியோடு வைத்துக்கொள்வதே நல்லது.

1. பக்கத்தைத் தயார் செய்தல்

600 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை பிக்சல்) ஸ்கேன் சிறந்தது, 300-க்குக் கீழே போகாதீர்கள். கோப்பு கிரேஸ்கேலில் இருந்தால் எந்த நிறத்தை எடுத்தாலும் சாம்பலாகவே விழும். இமேஜ் மெனுவில் ‘கன்வெர்ட் இமேஜ் கலர் ஸ்பேஸ்’ போய் ஆர்ஜிபி, 8 பிட் ஆக மாற்றுங்கள். பிறகு கண்ட்ரோல்+எல் அழுத்தி லெவல்ஸில் கறுப்பை 30-க்கும் வெள்ளையை 225-க்கும் நகர்த்தினால் தாளின் மஞ்சள் போய்க் கோடு கறுக்கும். அதற்கு மேல் இழுத்தால் மெல்லிய கோடுகள் அறுந்துவிடும்.

2. புள்ளிகளைக் கரைத்தல்

அவசரப்படக் கூடாத இடம் இது. ஒரு அங்குலத்துக்கு 60 வரிசை உள்ள டோன் 600 டிபிஐ ஸ்கேனில் 10 பிக்சலுக்கு ஒரு புள்ளியாக வரும். 300-இல் 5 பிக்சலுக்கு ஒன்று. அச்சில் படம் சுருங்கியிருந்தால் இன்னும் நெருக்கம். பெரிதாக்கி எண்ணிப் பாருங்கள். டோன் உள்ள பகுதியை மட்டும் லாசோவால் (கையால் சுற்றி வளைக்கும் கருவி) தேர்ந்தெடுத்து, புள்ளிக்குப் புள்ளி உள்ள தூரத்தில் பாதியில் தொடங்கி, புள்ளி மறையும்வரை காஸியன் பிளர் (படத்தை மங்கலாக்கும் ஃபில்டர்) அளவை ஏற்றுங்கள். முழுப் பக்கத்துக்கும் பிளர் கொடுத்தால் கோடும் சேர்ந்து மங்கிவிடும். முகத்தில் உள்ள சின்ன டோனுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். வெள்ளையால் அழித்துவிட்டுப் பின்னால் நிழலாகப் போட்டுக்கொள்ளலாம்.

3. அடிவண்ணம்

லேயர் என்பது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் தாள் போன்றது. ஸ்கேன் செய்த பக்கம் உள்ள கோட்டு லேயரை மல்டிப்ளை (வெள்ளை மறைந்து கீழே உள்ள நிறம் தெரியும் முறை) ஆக்கிப் பூட்டுங்கள். அதற்குக் கீழே புது லேயர். ஃபில் கருவியில் ரெஃபரன்ஸ் ‘ஆல் லேயர்ஸ்’, குரோ (நிறம் கோட்டுக்கு அடியில் நீளும் அளவு) 2 பிக்சல், ஆன்டி அலியாசிங் (விளிம்பை மென்மையாக்குவது) அணைப்பு. ‘கரண்ட் லேயர்’ என்று விட்டுவிட்டால் பக்கம் முழுக்க ஒரே நிறம் கொட்டும். குரோ இல்லையென்றால் கோட்டோரம் வெள்ளை இழை நிற்கும். கோடு திறந்திருக்கும் இடத்தில் நிறம் ஒழுகும். அங்கே லாசோவால் சுற்றி ஷிஃப்ட்+பேக்ஸ்பேஸ் அழுத்தி நிரப்புவது வேகம். தோலுக்கு ஹெச்எஸ்வி அளவில் நிறம் 25, செறிவு 25, ஒளி 97 என்று தொடங்கிப் பாருங்கள். வெள்ளைப் பின்னணியை இந்த லேயரில் நிரப்ப வேண்டாம்.

4. நிழல்

அடிவண்ண லேயரை ஒரு குரூப்புக்குள் போட்டு, அதன் மேல் மல்டிப்ளையில் புது லேயர் திறந்து, லேயர் பட்டியலில் அதன் வரிசையில் உள்ள ஆல்ஃபா குறியை அழுத்துங்கள். இப்போது நிழல் அடிவண்ணத்தைத் தாண்டாது. குரூப் இல்லாமல் அந்தக் குறியை அழுத்தினால், கீழே உள்ள மற்ற லேயர்களும் கணக்கில் வந்து நிழல் வெளியே வழியும். சாம்பலுக்குப் பதில் வெளிர் ஊதா எடுங்கள் (நிறம் 260, செறிவு 20, ஒளி 80). தோல் செத்துத் தெரியாது. ஒளி எங்கிருந்து வருகிறது என்பதை ஓவியர் டோனிலேயே காட்டியிருப்பார், அதை மீறாதீர்கள்.

முழுக் கறுப்பாக நிரப்பிய கூந்தலில் மல்டிப்ளைக்குக் கீழே எந்த நிறமும் ஏறாது. கோட்டுக்கு மேலே ஸ்கிரீன் முறையில் (கீழே உள்ளதை வெளிறச் செய்வது) ஒரு லேயர் வைத்துக் கருநீலம் தடவினால் ஏறும்.

5. சேமித்தல்

கிரிட்டாவின் சொந்த வடிவமான கேஆர்ஏ கோப்பைத் தனியாக வைத்துக்கொண்டு, பகிர்வதற்கு பிஎன்ஜி எடுங்கள். கரைக்காமல் விட்ட டோன் இருந்தால், படத்தைச் சுருக்கும்போது அலையலையாகக் கோலம் எழும். திரையில் 33 அல்லது 67 சதவீதத்தில் பார்க்கும்போதும் அதே அலை தெரியலாம். 100 சதவீதத்தில் வைத்துப் பார்த்த பிறகு திருத்துங்கள்.