வெட்ஜ் அடியில் பந்தைப் பின்னுக்கு இழுப்பது: கல்லடி மணலில் ஓர் ஆரம்பப் பாடம்

டுபாயில் ஒரு கோல்ஃப் கிளப்பில் ஆறு வருடம் புல் வெட்டினேன். ஆட்டக்காரர்கள் பக்கத்தில் வந்தால் மெஷினை நிறுத்திவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அப்படி ஒதுங்கி நின்ற ஒரு நாள்தான் அதை முதன்முதலாகப் பார்த்தேன். பந்து கொடியைத் தாண்டி விழுந்தது, ஒரு துள்ளுத் துள்ளியது, அப்புறம் யாரோ நூல் கட்டி இழுத்த மாதிரிப் பின்னால் உருண்டு வந்தது. அடித்தவர் தலை நரைத்தவர். முக்கி முனகி அடிக்கவும் இல்லை.

ஊருக்குத் திரும்பும்போது பாவித்த 56 பாகை வெட்ஜ் (முகம் நன்றாகச் சாய்ந்த, கிட்டத்து அடிக்கான மட்டை) ஒன்றும் இருபது பந்தும் கொண்டுவந்தேன். மட்டக்களப்பில் கல்லடிக் கடற்கரையில் நானாகப் பழகி, பிழை விட்டு, திருத்திக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். மட்டையைத் தொட்டே பார்க்காதவருக்கும் விளங்க வேண்டும் என்பதால் அடியிலிருந்து தொடங்குகிறேன். எல்லாம் வலக்கைக்காரருக்கு எழுதியது. இடக்கைக்காரர் மாற்றி வாசியுங்கள்.

பந்து ஏன் திரும்பி வருகிறது?

சின்ன வயதில் டயர் கழற்றிய சைக்கிள் ரிம்மை உருட்டி விளையாடியிருப்பீர்கள். அதை முன்னால் எறியும்போதே மணிக்கட்டால் உங்கள் பக்கமாக ஒரு சுண்டு சுண்டி விட்டால், ரிம் தரையில் வழுக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் போகும், தயங்கும், பிறகு உங்களிடமே உருண்டு வரும். பேக்ஸ்பின் அதேதான். பந்து முன்னால் பறந்துகொண்டே பின்பக்கமாகச் சுழல்கிறது. தரையில் பட்டதும் அந்தச் சுழற்சி புல்லைப் பிடித்து பிரேக் போடுகிறது.

ரிம்மைச் சுழற்றுவது மணிக்கட்டு. வெட்ஜில் அந்த வேலை மட்டையின் சாய்ந்த முகத்துக்கு. மட்டை கீழ்நோக்கி இறங்கி வந்து மோதும்போது பந்து அந்தச் சாய்வில் வழுக்கப் பார்க்கிறது, முகம் உராய்ந்து பிடிக்கிறது, பந்து பின்பக்கமாகச் சுழன்று கிளம்புகிறது. இவ்வளவும் நடந்து முடிய ஒரு செக்கனில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் ஆகிறது. அதற்குள் கையால் எந்த வித்தையும் காட்ட முடியாது. கடைசி நேரத்தில் மணிக்கட்டைச் சுண்டினால் சுழலும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூர் ஆட்டக்காரர்கள், சாய்வு கொஞ்சம் குறைந்த பிட்சிங் வெட்ஜால் அடிக்கும் பந்து சராசரியாக நிமிடத்துக்குச் சுமார் 9,300 தடவை சுழல்கிறது. செக்கனுக்கு 155 சுற்று. நமக்கு அவ்வளவு தேவையில்லை. இரண்டாவது துள்ளலோடு பந்து நின்றாலே ஆட்டத்துக்குப் போதும். பின்னால் உருண்டு வருவது பார்க்க வடிவுதான், ஆனால் பல நேரம் குழியை விட்டுத் தூரமாகத்தான் கொண்டுபோய் விடும்.

என்னென்ன வேண்டும்

54 அல்லது 56 பாகை லொஃப்ட் (முகத்தின் சாய்வு) உள்ள வெட்ஜ் ஒன்று போதும். 60 பாகை வாங்க ஆசை வரும், வேண்டாம். சாய்வு மிதமிஞ்சினால் பந்து முகத்தைப் பிடிக்காமல் வழுக்கி மேலே ஏறிவிடும், சுழற்சியும் அதிகரிக்காது. மட்டையின் அடிப்பாகத்தில் இருக்கும் புடைப்பை பவுன்ஸ் என்பார்கள். வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரையின் மணற்பாங்கான தரைக்கு அது 10 முதல் 14 பாகை வரை இருப்பது நல்லது. இல்லாவிட்டால் மண்வெட்டி மாதிரி இறங்கிவிடும்.

பந்து விஷயத்தில் நான் ஏமாந்தேன். தூரம் போகும் என்று விற்கும் மலிவுப் பந்துகளின் மேலோடு கடினமானது, முகத்தில் பிடிக்காது. மேலோடு யூரித்தேன் என்று பெட்டியில் போட்டிருக்கும் பந்துதான் சுழலும். விலை கூட. கீறல் இல்லாத பாவித்த பந்து கிடைத்தால் நாலைந்து எடுத்துவைத்து, கடைசிப் படிக்கு மட்டும் பாவியுங்கள். மற்றப் பயிற்சிக்கெல்லாம் எந்தப் பந்தும் சரி.

பழைய துவாய் ஒன்று, பழைய பல் பிரஷ் ஒன்று, முகப் பவுடர் கொஞ்சம். அவ்வளவுதான்.

படி 1: மணலில் ஒரு கோடு

இந்தப் படிக்குப் பந்தே வேண்டாம். இதிலேயே இரண்டு கிழமை நின்றாலும் நட்டமில்லை.

அலை வந்து திரும்பிய ஈர மணல் இறுக்கமாக இருக்கும். அதில் குதிக்காலால் இரண்டு மீட்டர் நீளத்துக்கு நேர்கோடு போடுங்கள். கோடு இரண்டு பாதங்களுக்கும் நடுவில் வரும்படி நின்றுகொள்ளுங்கள். இலக்கு உங்கள் இடப் பக்கம். இப்போது வெட்ஜை வீசி மணலை உரசுங்கள். மட்டை பட்ட தடம் கோட்டிலோ, கோட்டுக்கு இடப் பக்கமோ தொடங்க வேண்டும். வலப் பக்கம் தொடங்கினால், பந்து இருந்திருந்தால் மட்டை அதற்கு முன்பே மண்ணை அள்ளியிருக்கும். பந்துக்கும் முகத்துக்கும் நடுவில் மண் புகுந்தால் உராய்வு போச்சு, சுழற்சியும் போச்சு. தடத்தின் ஆழம் ஒரு ரொட்டிக் கனத்துக்கு மேல் போகக் கூடாது.

ஒரு வீச்சு முடிந்ததும் கோட்டோடு ஒரு சாண் தள்ளி நின்று அடுத்தது. இருபது முடிந்ததும் திரும்பிப் பாருங்கள், உங்கள் பிழை வரிசையாக எழுதிக் கிடக்கும். முதல் நாள் எனக்கு இருபதில் பதினாலு தடம் வலப் பக்கம். காரணம் விளங்கவில்லை. பக்கத்தில் கரைவலை இழுத்து முடித்துவிட்டுக் குந்தியிருந்த ஒரு பெரியவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "என்ன மனே, நண்டு தோண்டுறியா?" விஷயத்தைச் சொன்னேன். அவர் கோல்ஃப் என்ற சொல்லையே அன்றுதான் கேட்டிருப்பார். ஆனாலும் சொன்னார்: "நீ வலை இழுக்கிற மாதிரிப் பின்னுக்குச் சாய்ஞ்செல்லோ நிக்கிறாய்."

அதுதான் பிழை. பந்தை மேலே தூக்க வேண்டும் என்ற நினைப்பில் உடம்பு தானாகவே வலக்காலுக்குப் போய்விடுகிறது. தூக்கும் வேலையை மட்டையின் சாய்வு பார்த்துக்கொள்ளும். நெஞ்சுப் பட்டன் கோட்டுக்கு நேர் மேலேயோ கொஞ்சம் இடப் பக்கமோ இருந்தால் தடம் தானாக முன்னால் நகரும்.

படி 2: நிற்கும் விதம்

குதிக்கால்களுக்கு நடுவே ஒரு அடி இடைவெளி. உடல் எடையில் பத்தில் ஆறு பங்கு இடக்காலில், அடித்து முடியும்வரை அங்கேயே. பந்து நடுவில். மட்டைப் பிடி இடத் தொடையின் உட்பக்கத்துக்கு நேராகக் கொஞ்சம் முன்னால் சாய்ந்திருக்கட்டும். கொஞ்சம்தான், அளவுக்கு மிஞ்சிச் சாய்த்தால் மட்டையின் முன்விளிம்பு மண்ணில் குத்தும்.

பின்வீச்சு இடக்கை நிலத்துக்குச் சமாந்தரமாக வரும்வரை. முன்னால் வரும்போது நெஞ்சு இலக்கைப் பார்த்துத் திரும்ப வேண்டும், வேகம் குறையவே கூடாது. பந்து கிட்டப் போய்ப் பயந்து பிரேக் போடுவதுதான் ஆரம்பக்காரர் எல்லோரும் விடும் பிழை.

படி 3: வலைக்குள்

வலை நம்மூரில் பஞ்சமில்லாத சாமான். கழித்த கரைவலையில் மீன் சேரும், கண் சின்னதான மடிப் பகுதியைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு தென்னைகளுக்கு நடுவில் தொய்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் பந்து திரும்பி உங்கள் முகத்துக்கே வரும். மடிதான் வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கோல்ஃப் பந்தின் குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. அதைவிடப் பெரிய கண் உள்ள வலைத்துண்டு ஒன்றை நான் முதலில் கட்டினேன். மூன்றாவது பந்து அதற்குள்ளால் புகுந்து பக்கத்து வளவுக் கோழிக்கூட்டின் தகரத்தில் ஓட்டை போட்டது. மாமி ஒரு கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

மூன்று மீட்டர் தள்ளி நின்று அடியுங்கள். மட்டையின் முகத்தில் மெல்லிசாகப் பவுடர் பூசினால் பந்து எங்கே பட்டது என்று அச்சு விழும். (பவுடர் இல்லையென்று சாமித்தட்டில் கைவைத்துத் திருநீறு எடுக்க வேண்டாம், அம்மா ஏசுவா.) அச்சு முகத்தின் நடுவில், அல்லது நடுவுக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். முகத்தின் உச்சியில் இருந்தால் மட்டை பந்துக்கு அடியால் புகுந்து போகிறது என்று அர்த்தம். முதலாம் படிக்குத் திரும்பிப் போங்கள். பார்த்ததும் பவுடரைத் துடைத்துவிடுங்கள், அதுவும் வழுக்கும்.

படி 4: துடைத்தல்

முகத்தில் இருக்கும் பள்ளக்கோடுகள் பந்தைக் கடித்துச் சுழற்றுகின்றன என்று நானும் நம்பியிருந்தேன். உண்மையில் அவை மோட்டார் சைக்கிள் டயரின் வெட்டுகள் செய்யும் வேலையைச் செய்கின்றன: தண்ணீருக்கும் புல்லின் சாற்றுக்கும் ஒதுங்க இடம் கொடுக்கின்றன. 2010 முதல் அந்தக் கோடுகளின் விளிம்புக் கூர்மைக்கும் கொள்ளளவுக்கும் விதிகள் எல்லை வைத்திருக்கின்றன. இருக்கிற கோட்டையும் மண் அடைக்க விட்டால் அப்புறம் வெட்ஜ் எதற்கு? ஒவ்வொரு அடிக்கும் பிறகு பிரஷ், துவாய். பந்தையும் துடையுங்கள்.

நவம்பர், டிசம்பர் மழையில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஐந்து பந்தைத் துடைத்து அடியுங்கள், ஐந்தை முகமும் பந்தும் நனைந்தபடியே அடியுங்கள். நனைந்தவை உயரமாகக் கிளம்பி, விழுந்த இடத்திலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். ஈரத்தில் சுழற்சி பாதியாகவே குறைந்துவிடலாம்.

கடற்கரையில் பழகுபவர்கள் வீட்டுக்குப் போனதும் மட்டையை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வையுங்கள். உப்புக்காற்று ஒரு மாதத்தில் கறள் ஏற்றிவிடும்.

படி 5: 60 மீட்டர்

இப்போதுதான் திறந்த வெளி. ஆள் நடமாட்டமோ மாடோ ஆடோ இல்லாத புல்வெளியாகப் பாருங்கள். அனுமதி கேட்டுக்கொண்டு விடிந்ததும் போனால் பள்ளிக்கூட மைதானம் வசதி. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மாரிப்போகம் அறுவடை முடிந்த வயல் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் காய்ந்து இறுகிய தரையில் மட்டை மோதினால் மணிக்கட்டு போய்விடும்.

தூரம் 60 மீட்டர். 20 மீட்டரில் பந்தைப் பின்னுக்கு இழுக்கப் பார்க்காதீர்கள், அதற்குரிய வேகம் அந்த வீச்சில் இல்லை. நடு வருடத்தில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது மேற்கே பார்த்து அடித்தால் காற்றும் சேர்ந்து பந்தை நிறுத்தித் தரும். (கச்சான் என்றது காற்றை, வறுத்த கச்சானை அடித்து முடித்த பிறகு சாப்பிடலாம்.)

பந்து திரும்பி வராது. மனம் தளர வேண்டாம். நான் வெட்டிய கிரீன்களில் (கொடியும் குழியும் இருக்கும் ஒட்ட வெட்டிய புல்தரை) புல்லின் உயரம் மூன்று, நாலு மில்லிமீட்டர்தான். கணுக்கால் அளவு புல்லில் உலக சம்பியன் அடித்தாலும் பந்து விழுந்த இடத்தில் கிடக்கும். ஆகவே வேறு அடையாளம் பாருங்கள். நல்ல அடி, நீங்கள் நினைத்ததைவிடத் தாழ்வாகக் கிளம்பும். யூரித்தேன் பந்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் மேலோட்டில் மெல்லிய உரசல் தெரியும், சில வேளை அதன் துகள் பள்ளக்கோட்டில் ஒட்டியிருக்கும். அதைக் கண்ட அன்று நான் வீட்டுக்குச் சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன்.

உண்மையான கிரீனில் அடித்துப் பார்க்க வேண்டுமென்றால் வடக்கே போகும் பாதையில் திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படையின் கோல்ஃப் மைதானம் இருக்கிறது. மலைநாட்டுப் பக்கம் போகிறவர்களுக்கு 1889ல் தொடங்கிய நுவரெலியா கிளப். முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள்.

அங்கே உங்கள் பந்து விழுந்த இடத்தில் ஒரு சின்னக் குழி விழுந்திருக்கும். புல் வெட்டினவன் என்ற முறையில் கேட்கிறேன், அதை மூடிவிட்டு வாருங்கள். குழிக்கு அடியில், அதை மூடப் பாவிக்கும் சின்ன முள்ளுக் கருவியை விட்டு நெம்பினால் வேர் அறுந்து புல் செத்துப்போகும். குழியின் ஓரத்தில் குத்தி, சுற்றிவர நாலு பக்கமும் நடுவை நோக்கித் தள்ளி, பட்டரின் (கிரீனில் பந்தை உருட்டும் மட்டை) அடிப்பக்கத்தால் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டுங்கள். அரை நிமிட வேலை.