கம்பெனி வீட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எக்லி என்றொரு சுரங்கக் கிராமம். நிலக்கரிக் கம்பெனி ஒன்று 1854-ல் தன் ஆட்களுக்காகக் கட்டிய மர வீடுகள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. அங்கே முதலில் கண்ணை இழுப்பது உயரமான மரக் கட்டடம் ஒன்று. நிலக்கரியை உடைத்துத் தரம் பிரிக்கும் ஆலை, பிரேக்கர் என்பார்கள். ‘ஆகா, அந்தக் காலத்து ஆலை!’ என்று எழுதிவிடாதீர்கள். 1968-ல் ஹாலிவுட் படமொன்றுக்காகப் போட்ட செட் அது. செட்டைத் திட்டவும் மனசு வரவில்லை. படப்பிடிப்பால் கவனத்துக்கு வந்த ஊர்தான் 1971-ல் மாநில அரசின் கைக்குப் போய் அருங்காட்சியகமானது.

1854 என்றால் பிரிட்டனில் விக்டோரியா ராணி ஆண்ட காலம். விக்டோரியா காலத்து வீடு என்றதும் கோபுரமும் மரச் சரிகை வேலைப்பாடும் தேடுவது அடுத்த தவறு. அதெல்லாம் முதலாளி வீட்டு அலங்காரம். தொழிலாளி வீட்டில் கம்பெனி பார்த்தது செலவு ஒன்றைத்தான்: பலகைச் சுவர், சிவப்புச் சாயம், ஓரங்களுக்குக் கறுப்பு. எல்லா வீட்டுக்கும் அதே நிறம்.

‘பரவாயில்லையே, தொழிலாளிக்கு இவ்வளவு பெரிய மாடி வீடா!’ என்றும் வியக்க வேண்டாம். வாசலை எண்ணுங்கள். இரண்டு இருக்கும். நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். பதவிக்கு ஏற்ப வீடும் வளரும்: கூலியாளுக்குச் சின்னது, சுரங்கம் வெட்டுபவருக்குக் கொஞ்சம் பெரியது, மேலாளுக்குத் தனி வீடு. தெருவில் நடந்தாலே யார் யாருக்கு மேல் என்று தெரிந்துவிடும்.

சரி, வீடு கொடுத்த கம்பெனி நல்ல கம்பெனிதானே? அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். வீடு இனாம் இல்லை, வாடகை உண்டு. அதைவிட முக்கியம், வேலை போனால் வீடும் போகும். வேலைநிறுத்தம் செய்ய நினைப்பவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு தெருவில் நிற்கவும் துணிய வேண்டும். இதைச் சொல்லாமல் ஜன்னலையும் கூரையையும் மட்டும் வர்ணித்தால் பாதிக் கதைதான்.

அப்புறம், ஆணியை வைத்து வயது சொல்பவர்கள். தட்டையான வெட்டாணி பழையது, உருண்டைக் கம்பியாணி 1890-களில் பரவலானது என்பது உண்மைதான். ஆனால் ஒரு கம்பியாணியைக் கண்டதும் வீடே பிந்தியது என்று முடிவு கட்டாதீர்கள். பலகை உளுத்திருக்கும், யாரோ மாற்றி அடித்திருப்பார்கள்.