வேடம் மாறும் சின்னம்: கலை அமைப்புக்குப் புது அடையாளம் அமைப்பது எப்படி

பாலக்கோட்டில் கூத்து, தருமபுரியில் கோடைப் பயிற்சி, ஓசூரில் ஓவியக் கண்காட்சி. இவை மூன்றையும் நடத்தும் சங்கம் மூன்றிலும் ஒரே வட்ட லோகோவை ஒட்டினால் எதிலும் பொருந்தாது. மூன்றுக்கும் தனித்தனி லோகோ போட்டால் நடத்துவது ஒரே சங்கம் என்பது யாருக்கும் தெரியாது. கூத்தில் வேடம் மாறினாலும் ஆளை ஊர் அடையாளம் கண்டுகொள்கிறது; சின்னமும் அப்படி அமைய வேண்டும். நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் 2013இல் ஏற்ற சின்னம் இந்த வகைதான்: ஒரே ஆங்கில எழுத்து, இடத்துக்கேற்ப நீண்டும் சுருங்கியும் வரும்.

முதலில் பழைய நோட்டீஸ், பேனர், ரசீது, முத்திரை எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பாருங்கள். மக்கள் ஏற்கெனவே அடையாளம் காணும் ஒன்று, பெரும்பாலும் ஒரு நிறம், அதில் இருக்கும். அதை விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, மாறாதவற்றை முடிவு செய்யுங்கள்: பெயரின் எழுத்து வடிவம், ஒரு சட்டகம், இரண்டு நிறம். இதைத் தளர்த்தினால் ஆறே மாதத்தில் ஆளுக்கொரு லோகோ ஆகிவிடும். இந்தப் பகுதிக்குப் பொருத்தமான சட்டகம் நடுகல்லின் (இறந்த வீரனின் நினைவாக நட்ட கல்) வெளிவடிவம்: அடி நேர்க்கோடு, மேலே வளைவு, அகலம் 3 பங்கு, உயரம் 4 பங்கு. பல நடுகற்கள் இன்றும் வழிபாட்டில் உள்ளவை. ஆகவே வடிவத்தை மட்டும் எடுங்கள், வீரனின் உருவத்தைத் தொடாதீர்கள். மாறுவது உள்ளே இருக்கும் படம்: கூத்துக்குக் கிரீடம், இசைக்கு மத்தளம், ஓவியத்துக்குத் தூரிகை. தொடக்கத்துக்கு ஐந்து படம் போதும். சட்டக அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குக்குக் குறைவாக எந்தக் கோடும், கோடுகளுக்கு நடுவே எந்த இடைவெளியும் இருக்கக் கூடாது. 18 மில்லிமீட்டர் ரப்பர் முத்திரையில் அது 1.5 மில்லிமீட்டர், அதற்கும் கீழே போனால் மை அடைத்துக்கொள்ளும்.

எழுத்துக்கு 'அனேக் தமிழ்' எழுத்துரு நல்ல தேர்வு. இலவசம், அகலத்தை 75 முதல் 125 சதவீதம் வரை மாற்றலாம். நெடிய பேனருக்குக் குறுகலாகவும் மேடைக்கு அகலமாகவும் வைத்தாலும் எழுத்தின் குணம் கெடாது. இதே குடும்பத்தில் தெலுங்கும் கன்னடமும் இருப்பதால் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மூன்று மொழிப் பலகைக்கும் அதுவே போதும். எழுத்தைப் பிடித்து இழுத்து நீட்டாதீர்கள். கோடு ஒரு திசையில் மட்டும் தடித்து அசிங்கமாகிவிடும். வரி இடைவெளி எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்கு இருக்கட்டும், இல்லாவிட்டால் மேல் வரியின் 'கூ' கீழ் வரியின் 'கீ'யில் முட்டும்.

பெரும்பாலும் கோட்டை விடுவது பிளெக்ஸ் கடையில்தான். அங்குள்ள கணினியில் பாமினி போன்ற பழைய எழுத்துரு இருக்கும். அனேக் போன்ற யூனிகோடு எழுத்துருவில் அடித்த வரிகளை அங்கே திறந்தால் கொம்பு இடம் மாறி நிற்கும். கர்வ்ஸாக (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக) மாற்றிய பிடிஎஃப் மட்டும் கொடுங்கள். நிறத்தையும் எண்ணாகவே எழுதிக் கொடுங்கள் (சிவப்புக்கு எம் 90, ஒய் 80, கே 10 என்பது போல; எம், ஒய், கே என்பவை அச்சு மைகளான மெஜந்தா, மஞ்சள், கறுப்பு). கண்ணால் பார்த்துப் பொருத்தினால் கடைக்குக் கடை மாறும். பெரிய பேனருக்கு முன் ஓரடித் துண்டு அச்சிட்டு வெயிலில் பாருங்கள். எழுத்து உயரத்துக்குக் கணக்கு: பார்வையாளர் தள்ளி நிற்கும் ஒவ்வொரு 10 அடிக்கும் 1 அங்குலம். கடைசி வரிசை 60 அடியில் என்றால் 6 அங்குலம்.

வாட்ஸ்அப் முகப்புப் படம் வட்டமாக வெட்டப்படும். சின்னம் நடுவே 70 சதவீதத்துக்குள் அடங்கட்டும். லோகோ கோப்பைப் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், தரம் குறையாது.

லோகோவோடு சேர்த்துப் பெயரையும் மாற்ற ஆசை வரும். அது வேறு வேலை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி பதிவான சங்கம் என்றால் பொதுக்குழுவின் சிறப்புத் தீர்மானம், பதிவாளரிடம் பதிவு, பிறகு பான், வங்கிக் கணக்கு, நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை தரும் பதிவு எனத் தொடரும். லோகோவுக்குப் பொதுவாகச் செயற்குழுத் தீர்மானமே போதும்.

பழைய ரசீது புத்தகங்களைத் தீரும்வரை பயன்படுத்துங்கள். மேடைப் பேனரையும் வாட்ஸ்அப் படத்தையும் முதலில் மாற்றுங்கள். விதிகளை ஒரே பக்கத்தில் தமிழில் அச்சிட்டு பிளெக்ஸ் கடைச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். மூலக் கோப்புகள் இரண்டு பேரிடம் இருக்கட்டும்.