நிதித்துறையில் கோடைக்காலப் பயிற்சி: எண்களை நம்பத்தக்கவையாகக் கொடுப்பது எப்படி

கல்லூரி விடுமுறையில் எட்டு அல்லது பத்து வாரங்களுக்கு நிதித்துறைப் பயிற்சிக்குச் செல்லும் மாணவர்களில் பலர், தங்கள் அறிவை முதல் நாளிலேயே காட்டிவிட வேண்டும் என்ற பதற்றத்தோடு செல்கிறார்கள். ஆனால் அவர்கள் கைக்கு முதலில் வருவது, வேறொருவர் தயாரித்த எக்செல் அட்டவணையில் புதிய காலாண்டின் எண்களை ஏற்றுவது, நிறுவனத்தின் கணக்கையும் வங்கியின் கணக்கையும் ஒப்பிடும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலில் பொருந்தாத வரிகளைத் தேடுவது போன்ற எளிய வேலைதான். இதற்காகவா வந்தோம் என்று தோன்றும். அந்த வேலையில் மேலாளர் கவனிப்பது ஒன்றே: இவர் கொடுக்கும் எண்ணைத் தாம் மறுபடி சரிபார்க்காமல் அடுத்தவருக்கு அனுப்ப முடியுமா?

பயிற்சி தொடங்குவதற்கு முன் வேறு எதைப் படிக்காவிட்டாலும், இலாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, பணப்பாய்வு அறிக்கை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று எங்கே கோக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் காகிதத்தில் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். தேய்மானம் (நிலைச் சொத்தின் மதிப்பு குறைவதைக் கணக்கில் காட்டும் செலவு) 10 கூடினால் என்ன ஆகும் என்பது நேர்காணல்களில் அடிக்கடி வரும் கேள்வி. வரி விகிதம் 25 விழுக்காடு என்றும், வரிக் கணக்கிலும் அதே தேய்மானம் ஏற்கப்படுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். வரிக்கு முந்தைய இலாபம் 10 குறையும், வரி 2.5 குறைவதால் நிகர இலாபம் 7.5 மட்டுமே குறையும். தேய்மானத்துக்காகக் கையிலிருந்து காசு எதுவும் போகவில்லை என்பதால், பணப்பாய்வு அறிக்கையில் அந்த 10 திரும்பச் சேர்க்கப்பட்டு, ரொக்கம் 2.5 கூடுதலாக நிற்கும். இருப்புநிலைக் குறிப்பில் நிலைச் சொத்து 10 இறங்கி ரொக்கம் 2.5 ஏறுவதால் சொத்துப் பக்கம் 7.5 குறையும்; மறுபக்கத்தில் தக்கவைத்த இலாபமும் (பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்காமல் நிறுவனத்திலேயே சேர்ந்த இலாபம்) அதே 7.5 குறைந்து கணக்கு சமனாகும். இதை மனப்பாடம் செய்தவர் தேய்மானத்துக்குப் பதிலாகச் சரக்கிருப்பைப் பற்றிக் கேட்டால் தடுமாறுவார். போட்டுப் பார்த்தவர் தடுமாறமாட்டார்.

எக்செல்லில் வேகத்தைவிடத் தடயம் முக்கியம். கையால் இட்ட எண்ணுக்கு நீல நிறமும் ஃபார்முலாவுக்குக் கறுப்பு நிறமும் கொடுப்பது இத்துறையில் பரவலான வழக்கம். அலுவலகம் கேட்காவிட்டாலும் கடைப்பிடியுங்கள். ஒவ்வொரு எண்ணும் எந்த அறிக்கையின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதைப் பக்கத்துச் செல்லிலேயே குறித்துவையுங்கள். புதிய வரிகளைச் சேர்த்தபின் கூட்டல், சராசரி ஃபார்முலாக்களின் எல்லை கடைசி வரி வரை நீண்டிருக்கிறதா என்று கட்டாயம் திறந்து பாருங்கள். இது சின்ன விஷயம் அல்ல. அரசுக் கடனுக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010இல் வெளியிட்ட, உலகெங்கும் கொள்கை விவாதங்களில் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வில், சராசரி காணும் ஃபார்முலாவிலிருந்து ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. அந்த ஆய்வைத் திரும்பச் செய்து பார்ப்பதை வகுப்புப் பயிற்சியாக எடுத்துக்கொண்ட தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர்தான் அதைக் கண்டுபிடித்து, 2013இல் தம் பேராசிரியர்களுடன் சேர்ந்து வெளியிட்டார். விடுபட்ட நாடுகளால் மட்டும் முடிவு பெரிதாக மாறிவிடவில்லை, தரவுத் தேர்வையும் எடையிட்ட முறையையும் பற்றிய வேறு குறைகளும் அவர்களின் விமர்சனத்தில் இருந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

கூட்டல் பொருந்தாதபோது எல்லா வரிகளையும் முதலிலிருந்து படிக்கத் தொடங்காதீர்கள். வித்தியாசத்தை முதலில் உற்றுப் பாருங்கள். 2,700 இடிக்கிறது என்றால் அதை 9ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு: 46,350 என்பதை 43,650 என்று ஏற்றியிருந்தால் இடிப்பது சரியாக 2,700தான். வித்தியாசத்தின் பாதியும் ஒரு துப்பு. 1,840 இடித்தால் 920 என்ற பதிவைத் தேடுங்கள். பற்றில் இருக்க வேண்டியது வரவில் போயிருக்கலாம். கணினி வருவதற்கு முன் பேரேடு எழுதிய கணக்கர்கள் கையாண்ட உத்திகள் இவை, இன்றும் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்துகின்றன.

வேலையை வாங்கும்போதே மூன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: இது யாருக்குப் போகிறது, எப்போது வேண்டும், இதே வேலையின் பழைய மாதிரி எங்கே இருக்கிறது. பழைய மாதிரி கிடைத்துவிட்டால் பாதிச் சந்தேகம் தானாகத் தீரும். மீதியைச் சேர்த்துவைத்து ஒரே தடவையில் கேளுங்கள், “இது புரியவில்லை” என்பதைவிட, “இந்தச் செலவை ஒருமுறைச் செலவாக எடுத்துக்கொண்டேன், சரிதானா?” என்று கேட்பவருக்குப் பதில் விரைவாகக் கிடைக்கும்.

இரகசியம் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. அலுவலகக் கோப்பைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். அனுமதியில்லாத எந்த இணையக் கருவியிலும் ஏற்றாதீர்கள். வெளியாகாத தகவலை வைத்துப் பங்கு வாங்குவதும், பிறர் வாங்கும்படி வாய்விடுவதும் பயிற்சி மாணவருக்கும் குற்றமே.

அனுப்பிவிட்ட கோப்பில் பிழையைக் கண்டால், அதை யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று காத்திருக்காமல், எந்தச் செல்லில் தவறு, சரியான எண் எது, அதனால் இறுதி முடிவு எவ்வளவு மாறுகிறது என்ற மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் எழுதித் திருத்திய கோப்போடு உடனே அனுப்புங்கள். மன்னிப்பு ஒரு வரி போதும்.

கடைசி வாரத்தில் விடைபெறும் விருந்துகளுக்கு நடுவே ஒப்படைப்புக் குறிப்பு எழுத மறந்துபோவது வழக்கம். நீங்கள் தொட்ட ஒவ்வொரு கோப்பும் எங்கே இருக்கிறது, எந்த அனுமானத்தை யார் ஒப்புக்கொண்டார், எது பாதியில் நிற்கிறது என்பதை இரண்டு பக்கத்துக்குள் எழுதி, உங்கள் வேலையை அறியாத ஒரு சக ஊழியரிடம் கொடுத்து, அதை மட்டும் வைத்து ஒரு கோப்பைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாரோ, அந்த இடத்தில் இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.