நுரையீரலுக்குப் பரவும் சாதாரணக் கட்டிகள்: ஸ்கேன் படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரு நுரையீரல்களிலும் உருண்டை உருண்டையாகக் கட்டிகளைக் கண்டதும், பயிற்சி மருத்துவர்கள் 'புற்றுநோய்ப் பரவல்' என்று எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். பெரும்பாலும் அது சரியாகவே அமைந்துவிடுவதால்தான் இந்தப் பழக்கம் மாறுவதில்லை.

பழைய அறுவை சிகிச்சையை விசாரிக்காமல் விடுவது

கருப்பையில் வளரும் ஃபைப்ராய்டு என்ற தசைக்கட்டி புற்றுநோய் அல்ல. ஆனாலும் அதற்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்களில் மிகச் சிலருக்கு, பல ஆண்டுகள் கழித்து அதே தசைத்திசு நுரையீரலில் கட்டிகளாகத் தென்படும். 1939இலேயே ஸ்டெய்னர் என்ற மருத்துவர் விவரித்த நிலை இது. சி.டி.யில் அவை விளிம்பு தெளிவாகவும், பெரும்பாலும் சுண்ணாம்புப் படிவு இன்றியும் இருக்கும். பல நோயாளிகளுக்கு இருமல்கூட இருக்காது.

அப்படி ஒரு பெண்மணியின் அறிக்கையில் 'பரவிய புற்றுநோய், மூல இடம் தெரியவில்லை' என்று எழுதியிருந்தார்கள். மூல இடத்தைத் தேடி எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி, மேமோகிராம் என்று அலைக்கழித்த எவரும் அவருடைய அடிவயிற்றுத் தழும்பைப் பற்றிக் கேட்கவில்லை. ஸ்கேன் படிவத்தில் முந்தைய அறுவை சிகிச்சைக்கான கட்டம் காலியாகவே இருந்தது. கடைசியில் பயாப்ஸி என்ற திசுச் சோதனையில் தெரிந்தது, செல் பிரிதல் மிகக் குறைந்த, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை ஏற்கும் ஏற்பி கொண்ட மென்தசைத் திசு; அதாவது, பழைய ஃபைப்ராய்டின் அதே திசு. ஒரு கேள்வியில் தெளிந்திருக்க வேண்டிய விஷயத்துக்காக ஒரு குடும்பம் மாதக்கணக்கில் மரண பயத்தில் கிடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. இந்நிலைக்கு ஹார்மோனை அடக்கும் சிகிச்சையோ, சிலருக்கு வெறும் கண்காணிப்போகூடப் போதுமாக இருக்கலாம் என்பதால், அறிக்கையில் விழும் ஒரு சொல் சிகிச்சையின் திசையையே மாற்றிவிடும்.

அதற்காக, ஃபைப்ராய்டு என்று கேட்டவுடன் 'சாதாரணக் கட்டி' என்று முடித்துவிடவும் கூடாது. சார்கோமா என்ற திசுப் புற்றுநோயில் வீரியம் குறைந்த வகையும் படத்தில் இதே போலத் தோன்றலாம். பயாப்ஸி அவசியம், கருப்பையிலிருந்து அன்று எடுத்த திசு கிடைத்தால் அதையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

பெட் ஸ்கேனைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது

திசு சர்க்கரையை எவ்வளவு ஈர்க்கிறது என்பதைக் காட்டும் பெட் ஸ்கேனில், ஃபைப்ராய்டிலிருந்து பரவிய இக்கட்டிகள் பெரும்பாலும் மங்கலாகவே தெரியும். சில மில்லிமீட்டரே உள்ள புற்றுநோய்க் கட்டியும் அப்படித் தெரியலாம் என்பதால், மங்கலை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

போன முறை எடுத்த படத்தோடு மட்டும் ஒப்பிடுவது

மெதுவாக வளரும் கட்டியின் மாற்றம் அடுத்தடுத்த இரு படங்களில் தெரியாமல் போகலாம்; இருப்பதிலேயே பழைய படத்தைத் தேடி எடுங்கள்.

வெண்மை கூடினால் நோய் முற்றியதாக எண்ணுவது

எலும்பில் வரும், பொதுவாகப் புற்றுநோய் அல்லாத ராட்சத செல் கட்டியும் சிறு விழுக்காட்டினருக்கு நுரையீரலுக்குப் பரவும். அதற்கான மருந்தான டெனோசுமாப் ஊசி போட்டுக்கொள்பவருக்கு அக்கட்டிகளில் சுண்ணாம்பு படிந்து படத்தில் வெண்மை கூடுவது, பெரும்பாலும் மருந்து வேலை செய்வதன் அடையாளம். மருந்து விவரத்தைப் பார்க்காமல் 'நோய் முற்றியுள்ளது' என்று எழுதினால், பலன் தந்துகொண்டிருக்கும் ஊசியையே நிறுத்திவிடுவார்கள்.